ஒரே வீட்டில் இரு நோயாளிகள்: நோயெதிர்ப்புக் குறிப்பான்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கோவிட்-19 தொற்றுக்கு ஒரே வாரத்தில் ஆளான ஒரு தம்பதியரின் நோய்ப்போக்கை, நோயெதிர்ப்பின் நிலையை இரத்தத்தில் காட்டும் அளவுகளான குறிப்பான்களின் வழியே, இந்த ஆய்வு விவரிக்கிறது. கணவருக்கு வயது 58, மனைவிக்கு 54. கணவர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஆபத்தின் விளிம்புவரை சென்று, முழுமையாகத் தேறினார். மனைவிக்கு மூன்று நாள் காய்ச்சலோடு நோய் அடங்கியது. ஆனால் ஓராண்டு கடந்த பின்னும் அவரால் பழைய வேலைக்குத் திரும்ப இயலவில்லை. இந்த விவரங்கள் குறிப்பிட்ட எந்தக் குடும்பத்தையும் சேர்ந்தவை அல்ல. மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் காணும் போக்குகளைத் தொகுத்து, விளக்கத்திற்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. இருவருடைய சோதனை எண்களும் அவ்வாறு அமைக்கப்பட்டவையே. இடையிடையே எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளும் அவற்றின் எண்களும் மட்டுமே வெளியான உண்மைத் தரவுகள்.

காலம் 2021-ஆம் ஆண்டின் முற்பகுதி. இருவரும் தடுப்பூசி பெற்றிருக்கவில்லை.

கணவரின் நோய்ப்போக்கு

கணவருக்கு எட்டு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு உண்டு. மாத்திரைகளால் கட்டுக்குள் இருந்தது. காய்ச்சலும் வறட்டு இருமலும் தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டால், மூன்றாம் நாளில் பி.சி.ஆர். சோதனை தொற்றை உறுதிசெய்தது. ஐந்தாம் நாளில் எடுத்த இரத்தத்தில் சி.ஆர்.பி. எனப்படும் அழற்சிப் புரதம் லிட்டருக்கு 38 மில்லிகிராம், வெள்ளணு வகையான லிம்போசைட்டின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 900, அழற்சியில் உயரும் ஃபெரிட்டின் புரதம் மில்லிலிட்டருக்கு 410 நானோகிராம் என்று இருந்தன. ஆக்சிஜன் செறிவு 95 விழுக்காடு. மூச்சு நிமிடத்திற்கு 18.

இந்த ஐந்தாம் நாளில்தான் முதல் தவறு நிகழ இருந்தது. சி.ஆர்.பி. ஏறத் தொடங்கிவிட்டது, லிம்போசைட் குறைந்துவிட்டது, எனவே ஸ்டீராய்டை இன்றே தொடங்கிவிடலாம் என்று குடும்பத்தாருக்கு ஒருவர் ஆலோசனை கூறினார். அந்த ஆலோசனை ஏற்கப்படவில்லை. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் விகிதத்தை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடமோ அம்மருந்து பெற்றோரில் 17.8 விழுக்காட்டினரும் பெறாதோரில் 14 விழுக்காட்டினரும் இறந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், நன்மைக்கான சான்று அதில் இல்லை. வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் முதல் வாரத்தில் நோயெதிர்ப்பை அடக்குவதும், வைரஸ் ஓய்ந்து அழற்சி மட்டும் மிஞ்சிய இரண்டாம் வாரத்தில் அடக்குவதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைச் சி.ஆர்.பி. காட்டாது, ஆக்சிஜன் செறிவும் நாட்கணக்கும் காட்டும்.

எட்டாம் நாளில் நிலைமை மாறியது. ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காடாக இறங்கியது, மூச்சு நிமிடத்திற்கு 26 ஆனது, அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அன்றைய இரத்தத்தில் சி.ஆர்.பி. 128, லிம்போசைட் 600, மற்றொரு வெள்ளணு வகையான நியூட்ரோபில் 6,600, ஃபெரிட்டின் 1,180, இரத்த உறைவைச் சுட்டும் டி-டைமர் இயல்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, அழற்சிச் செய்தியைக் கடத்தும் புரதமான இன்டர்லூக்கின்-6 மில்லிலிட்டருக்கு 62 பிக்கோகிராம். யூரியா இயல்பாக இருந்தது. நினைவு தெளிவாக இருந்தது. நியூட்ரோபில்களுக்கும் லிம்போசைட்டுகளுக்கும் இடையிலான விகிதம் ஐந்தாம் நாளில் ஐந்துக்குக் கீழ் இருந்தது, இப்போது பதினொன்றாகியிருந்தது.

பிரிட்டனில் 35,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளிலிருந்து உருவான 4சி இறப்பு மதிப்பெண் முறையில் இவருக்குக் கிடைத்தவை 9. அந்த ஒன்பதும் எங்கிருந்து வந்தன என்பதைப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். வயதுக்கு 2, ஆண் என்பதற்கு 1, நீரிழிவுக்கு 1, மூச்சு வேகத்திற்கு 1, ஆக்சிஜன் குறைவுக்கு 2, சி.ஆர்.பி. 100-ஐத் தாண்டியதற்கு 2. ஆய்வகம் தந்தது இரண்டே மதிப்பெண். ஏனைய ஏழையும் ஒரு கடிகாரமும் ஒரு ஆக்சிமீட்டரும் மூன்று கேள்விகளும் தந்துவிட்டன. 80 வயதைத் தாண்டிய ஒருவர் அந்த முறையில் வயதுக்காக மட்டுமே 7 மதிப்பெண் பெறுவார், சி.ஆர்.பி. எவ்வளவு உயர்ந்தாலும் 2-க்கு மேல் பெறாது. குறிப்பான்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் (இதையும் சேர்த்துத்தான்) இந்த விகிதாசாரம் எளிதில் மறைந்துபோகிறது.

9 முதல் 14 வரை பெற்றோரில், அம்முறை உருவான நோயாளித் தொகுப்பில், சுமார் 35 விழுக்காட்டினர் இறந்தனர். அத்தொகுப்பு 2020-இன் முதல் அலையைச் சேர்ந்தது. ஸ்டீராய்டு வழக்கமான சிகிச்சையாவதற்கு முற்பட்டது. ஆகவே இந்த நோயாளிக்கு அதே எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. மதிப்பெண்ணை அவருக்கு நெருக்கமான கண்காணிப்பு தேவை என்று முடிவுசெய்யப் பயன்படுத்தலாமே தவிர, குடும்பத்தாரிடம் எதிர்காலம் கூறுவதற்குப் பயன்படுத்தலாகாது.

இன்டர்லூக்கின்-6 எழுப்பிய குழப்பம்

62 பிக்கோகிராம் என்ற எண்ணைப் பார்த்து, “சைட்டோகைன் புயல்” (நோயெதிர்ப்புச் செய்திப் புரதங்கள் கட்டின்றிப் பெருகும் நிலை) என்று நோயேட்டில் எழுதப்பட்டது. இயல்பு நிலையில் இந்த அளவு ஒற்றை இலக்கத்திற்குள் இருக்கும் என்பதால் அந்த வியப்பு புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்றில், கடுமையான கோவிட் நோயாளிகளின் சராசரி 37 பிக்கோகிராமுக்கு அருகில் இருந்தபோது, பாக்டீரிய நச்சுக்குருதியில் அது 980-ஐயும், மரபணு மாற்றிய டி-செல் சிகிச்சைக்குப் பின் தோன்றும் சைட்டோகைன் வெளியீட்டு நோயில் 3,000-ஐயும் தாண்டியிருந்தது. புயல் என்ற சொல்லுக்கு இந்த எண்கள் இடம் தருவதில்லை. உடல் முழுவதும் வீசும் புயலைவிட, நுரையீரலுக்குள் புகைந்துகொண்டிருக்கும் நெருப்பின் புகை இரத்தத்தில் சிறிதளவு தெரிகிறது என்பதே பொருத்தமான விளக்கம் என்று கருதுகிறேன். அளவு குறைவாயினும் அது பயனற்றதல்ல. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனைக் குழுமத்தில் 1,484 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சேர்க்கையின்போது இருந்த இன்டர்லூக்கின்-6, அதேபோன்ற செய்திப் புரதமான டி.என்.எஃப்.-ஆல்ஃபா ஆகிய இரண்டும், வயதும் பிற நோய்களும் கணக்கில் கொள்ளப்பட்ட பிறகும், உயிர்பிழைப்பை முன்கூட்டியே சுட்டின.

டெக்சாமெத்தசோன் தொடங்கப்பட்டும் ஒன்பதாம் நாளில் ஆக்சிஜன் தேவை நிமிடத்திற்கு 10 லிட்டராக உயர்ந்தது, சி.ஆர்.பி. 141 ஆனது. இந்த இடத்தில்தான் குறிப்பான் உண்மையாகவே பயன்பட்டது. இன்டர்லூக்கின்-6-இன் செயலைத் தடுக்கும் மருந்தான டோசிலிசுமாபைச் சோதித்த ரெக்கவரி ஆய்வுப் பிரிவில், ஆக்சிஜன் குறைவோடு சி.ஆர்.பி. 75 அல்லது அதற்கு மேல் இருந்த 4,116 பேர் சேர்க்கப்பட்டு, அம்மருந்து பெற்றோரில் 31 விழுக்காட்டினரும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 35 விழுக்காட்டினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு, அந்த 75 என்ற எல்லை விடையின் ஒரு பகுதி. இதே வகையில், அனகின்ரா என்ற வேறொரு மருந்துக்கு சுபார் என்ற குறிப்பான் மில்லிலிட்டருக்கு 6 நானோகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை வரையறுத்தது. குறிப்பானின் எண் ஒரு மருந்தின் வாசலாக அமைந்த இடங்கள் மிகச் சிலவே. இவை இரண்டும் அவற்றுள் அடங்கும்.

டோசிலிசுமாப் ஒரு தவணை செலுத்தப்பட்டது. பதினோராம் நாளில் சி.ஆர்.பி. 52, பதின்மூன்றாம் நாளில் 9. ஆனால் பதினோராம் நாளில் யாரோ மீண்டும் அனுப்பிய இன்டர்லூக்கின்-6 சோதனையில் 410 என்று வந்தது. இரவுப் பணியில் இருந்த மருத்துவர், நோய் மீண்டும் மூள்கிறது என்று அஞ்சி இரண்டாவது தவணைக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார். நோயாளியோ அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் தேவை 4 லிட்டராகக் குறைந்திருந்தது.

இதற்கான விளக்கம் மருந்தின் இயங்குமுறையிலேயே உள்ளது. டோசிலிசுமாப் இன்டர்லூக்கின்-6-ஐ அழிப்பதில்லை; அது சென்று ஒட்டும் ஏற்பியை அடைக்கிறது. சாதாரணமாக ஏற்பியில் ஒட்டிய மூலக்கூறு செல்லுக்குள் இழுக்கப்பட்டு அகற்றப்படும். வாசல் அடைபட்டதும் வந்தவை வெளியிலேயே தேங்குகின்றன, இரத்தத்தில் அளவு உயர்கிறது, ஆனால் செய்தி உள்ளே செல்வதில்லை. கல்லீரலில் சி.ஆர்.பி. உற்பத்தியைத் தூண்டுவது அந்தச் செய்திதான் என்பதால், ஒரே நாளில் ஒரு குறிப்பான் ஏறுகிறது, மற்றொன்று சரிகிறது. இரண்டாவது தவணை நிறுத்தப்பட்டது.

இதே காரணத்தால் வேறொரு கண்ணியும் உண்டு. பதினைந்தாம் நாளில் சளியின் நிறம் மாறியது. லேசான காய்ச்சல் திரும்பியது. சி.ஆர்.பி. 8. ஆகவே பாக்டீரியத் தொற்று இருக்காது என்று முதலில் கூறப்பட்டது. கல்லீரலின் காது அடைக்கப்பட்டிருக்கையில் சி.ஆர்.பி. எப்படி ஏறும்? சளி வளர்ப்புச் சோதனையில் பாக்டீரியா வளர்ந்தது, நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கப்பட்டது, பதினெட்டாம் நாளில் அவர் வீடு திரும்பினார். 1930-இல் டில்லெட், ஃபிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறிந்த சி.ஆர்.பி., நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் சி-பாலிசாக்கரைடோடு வினைபுரிந்ததால் அப்பெயரைப் பெற்றது. பாக்டீரிய நிமோனியாவிலிருந்து பிறந்த குறிப்பானே இங்கே பாக்டீரிய நிமோனியாவைக் காட்டத் தவறியது.

ஏன் இவருக்கு மட்டும் கடுமையாயிற்று

எட்டாம் நாளில் எடுத்த இரத்தத்தின் ஒரு பகுதி, உள்நோயாளிகளுக்கான வழக்கப்படி, உறைநிலையில் சேமிக்கப்பட்டிருந்தது. அதில் முதல் வகை இன்டர்ஃபெரான்களுக்கு எதிரான தன்னெதிர்ப்பொருள்கள் (உடலின் சொந்தப் புரதங்களையே தாக்கும் எதிர்ப்பொருள்கள்) உள்ளனவா என்று பின்னர் தேடப்பட்டது.

தேடியதற்குக் காரணம் உண்டு. வைரஸ் நுழைந்த முதல் மணிநேரங்களில் அண்டைச் செல்களை எச்சரிக்கும் பணி இன்டர்ஃபெரான்களுடையது. 2020-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா கண்ட 987 பேரில் 101 பேரின் இரத்தத்தில் அந்த எச்சரிக்கையைச் செயலிழக்கச் செய்யும் தன்னெதிர்ப்பொருள்கள் இருந்தன. அறிகுறியற்ற அல்லது லேசான தொற்றுடைய 663 பேரில் ஒருவரிடமும் இல்லை. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். சிலரிடம் நோய்க்கு முன்பே சேமித்த இரத்தத்திலும் இவை காணப்பட்டதால், இவை நோயின் விளைவு அல்ல, காரணம் என்ற முடிவுக்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. சி.ஆர்.பி., ஃபெரிட்டின் போன்றவை எரிந்த பின் எழும் புகை என்றால், இது தீயணைப்பு வண்டியின் சக்கரத்தை முன்னதாகவே பூட்டிவைத்தது போன்றது. பிற்பாடு கடுமையான இன்ஃப்ளுயன்சாவிலும், மேற்கு நைல் வைரஸ் மூளையழற்சியிலும், மஞ்சள் காய்ச்சல் உயிர்த் தடுப்பூசியின் கடும் பின்விளைவுகளிலும் இதே தன்னெதிர்ப்பொருள்கள் கண்டறியப்பட்டன. ஆகவே இருக்கிறது என்று தெரிந்தால், அந்த மனிதரின் வாழ்நாள் முழுமைக்கும் பயன்படும் தகவல் அது.

இவரிடம் அது இல்லை என்றே முடிவு வந்தது. இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகத் தெளிவான காரணக் குறிப்பான், கடும் நோயாளிகளில் பத்தில் ஒருவரை விளக்குகிறது. இவர் மற்ற ஒன்பது பேரில் ஒருவர். வயதும் ஆணாக இருப்பதும் நீரிழிவும் என்ற பழைய விடையோடுதான் அவருடைய கோப்பு மூடப்பட்டது. மூன்றாம் மாதத்தில் நுரையீரலின் வாயுப் பரிமாற்றத் திறன் சற்றுக் குறைந்திருந்தது. நான்காம் மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். ஒன்பதாம் மாதத்தில் அத்திறனும் இயல்பாகிவிட்டது.

மனைவியின் நோய்ப்போக்கு

கணவருக்கு இரண்டு நாட்கள் கழித்து மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி, உடல்வலி, மணம் தெரியாமை, வயிற்றுப்போக்கு, கடும் சோர்வு. சிறுவயதில் ஆஸ்துமா இருந்ததாகக் கூறினார். ஆக்சிஜன் செறிவு ஒருபோதும் 97-க்குக் கீழ் இறங்கவில்லை. ஆறாம் நாளில் சி.ஆர்.பி. 6, லிம்போசைட் 1,500. கவலைப்பட ஒன்றுமில்லை என்று கூறப்பட்டது. அன்றைய கேள்விக்கு அது சரியான விடையே. அவர் தன் நோயைப் பொருட்படுத்தாமல் கணவரின் மருத்துவமனை அலைச்சலைக் கவனித்தார்.

மூன்றாம் மாத முடிவில் அவர் வந்தபோது, குளித்து உடைமாற்றினாலே படுக்க வேண்டியிருக்கிறது என்றார். ஒரு நாள் சற்று அதிகமாக வேலை செய்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு நாட்கள் எழ முடிவதில்லை; படித்த வரியையே மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது; எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது. நோய் தொடங்கி மூன்று மாதங்களாகியும் நீங்காமல், குறைந்தது இரண்டு மாதங்களேனும் நீடித்து, வேறு காரணத்தால் விளக்க இயலாத அறிகுறிகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்த நெடுங்கோவிட் நிலைக்கு இது முற்றிலும் பொருந்துகிறது.

சோதனைகள் எல்லாம் செய்யப்பட்டன. சி.ஆர்.பி. 1, ஃபெரிட்டின், டி-டைமர், ஹீமோகுளோபின், தைராய்டு, இதய எதிரொலிப் படம் யாவும் இயல்பு. காலையில் அளந்த கார்ட்டிசோல் ஹார்மோனும் இயல்பு. யேல் பல்கலைக்கழகமும் மவுண்ட் சினாயும் இணைந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில் நெடுங்கோவிட் நோயாளிகளின் கார்ட்டிசோல் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது பெரிதாகப் பேசப்பட்டது. பின்வந்த எல்லா ஆய்வுகளிலும் அது அவ்வாறே கிடைக்கவில்லை.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் எதிர்ப்பொருள் “பாசிட்டிவ்” என்று வந்ததும் குடும்பம் கலங்கிவிட்டது. வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது பாசிட்டிவாகவே இருக்கும். எப்போதோ வந்துபோன தொற்றின் சுவடு அது. அடுத்து அந்த வைரஸின் மரபுப்பொருள் இரத்தத்தில் உள்ளதா என்று ஐந்தாம் மாதத்தில் தேடப்பட்டது; இல்லை. அந்த இல்லாமையும் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. 2022-இல் 209 நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வு, நீடிக்கும் விளைவுகளுக்கு முன்னறிகுறியாக இரண்டாம் வகை நீரிழிவு, இரத்தத்தில் கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ., எப்ஸ்டீன்-பார் வைரஸின் இரத்தத் தோற்றம், சில தன்னெதிர்ப்பொருள்கள் ஆகிய நான்கைக் கூறியபோது, அவை நோய் கண்டறியப்பட்ட காலத்தில் அளக்கப்பட்டவை. ஐந்து மாதம் கழித்துத் தேடினால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

குருதி எடுத்த நாளைச் சார்ந்திராத குறிப்பான் ஒன்றும் முன்மொழியப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சூரிச்சில் நடந்த ஆய்வு, ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி.3 ஆகிய எதிர்ப்பொருள் வகைகளின் குறைந்த அளவுகளை வயது, ஆஸ்துமா வரலாறு, தொடக்க அறிகுறிகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு சேர்த்து ஒரு மதிப்பீட்டை அமைத்தது. இந்த நோயாளியிடம் ஆஸ்துமா வரலாறும் பல அறிகுறிகளும் இருந்தன, ஐ.ஜி.எம். இயல்பு எல்லையின் கீழ்ப்பகுதியில் இருந்தது. பொருந்துகிறது என்றும் சொல்லலாம், பொருந்தவில்லை என்றும் சொல்லலாம்.

சிட்னியில் எட்டு மாதத்தில் அளந்த இன்டர்ஃபெரான்-பீட்டா உள்ளிட்ட குறிப்பான் கூட்டு ஒன்று, நெடுங்கோவிட்டை ஏறத்தாழ 80 விழுக்காடு துல்லியத்தோடு பிரித்துக் காட்டியது. ஒரு தனி மனிதருக்கு அந்த 80 என்ன தரும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நீடிக்கும் நோய் என்று கொள்வோம். நோயுள்ளோரிலும் இல்லாதோரிலும் 80 விழுக்காடு சரியாகச் சொல்லும் சோதனை, நூறில் 80 பேரைப் பிடிக்கும். மீதி 900-இல் 180 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக, “உண்டு” என்று சொல்லப்பட்ட 260 பேரில் உண்மையில் உள்ளவர்கள் 80 பேர், மூன்றில் ஒருவருக்கும் குறைவு. வழக்கமான சோதனைகளோ அந்த அளவும் எட்டவில்லை: அமெரிக்காவின் ரெக்கவர் திட்டம் 10,000-க்கும் மேற்பட்டோரிடம் 25 ஆய்வகச் சோதனைகளை ஒப்பிட்டு, நம்பத்தகுந்தபடி நெடுங்கோவிட்டைப் பிரித்துக் காட்டும் சோதனை அவற்றில் ஒன்றுமில்லை என்று 2024-இல் அறிவித்தது. எனவே “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று இவரிடம் முன்பு கூறப்பட்ட சொல் தர்க்கப்படியே பிழையானது. நார்மல் என்பது அச்சோதனைகள் தேடிய நோய்கள் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று.

உறுதியான கண்டுபிடிப்பு இரத்தப் பரிசோதனையிலிருந்து வரவில்லை. படுத்திருக்கையில் 72 ஆக இருந்த நாடித்துடிப்பு, பத்து நிமிடம் நிற்கவைத்ததும் 106 ஆனது. இரத்த அழுத்தம் இறங்கவில்லை. நிற்கும்போது 30-க்கு மேல் நாடி உயர்வது தன்னியக்க நரம்புத் தொகுதியின் கோளாறைக் காட்டும் அடையாளம். நீரும் உப்பும் கூட்டுதல், அழுத்தக் காலுறை, ஆற்றலை அளந்து செலவிடும் முறை, நாடியைத் தணிக்கும் சிறு அளவு மாத்திரை ஆகியவற்றால் பதினான்காம் மாதத்தில் நாடி உயர்வு 22 ஆகக் குறைந்தது. அரைநாள் வேலைக்கு அவர் திரும்பியிருக்கிறார். அயர்ச்சி குறைந்துள்ளது, போகவில்லை.

சேமிக்கப்படாத இரத்தம்

ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில், எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், கியூ காய்ச்சல் ஆகிய மூன்று வெவ்வேறு தொற்றுகள் கண்ட 253 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2006-இல் வெளியானது. ஆறாம் மாதத்தில் 12 விழுக்காட்டினருக்கு அயர்ச்சி நீடித்தது. கிருமி எதுவாயினும் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. அதை முன்கூட்டிச் சுட்டியது தொடக்க நோயின் கடுமை. இந்தத் தம்பதியரில் நடந்தது அதற்கு நேர்மாறாகத் தோன்றலாம். ஆனால் டப்போவில் கடுமை என்று அளக்கப்பட்டது நோயாளி உணர்ந்த துன்பத்தின் கடுமை. நாம் எட்டாம் நாளில் அளந்தது நுரையீரலின் கடுமை. டப்போவின் அளவுகோலில் பார்த்தால், மணமும் போய், வயிறும் கெட்டு, கடும் சோர்வோடு கழிந்த மனைவியின் முதல் வாரம் லேசானதன்று. அவரிடம் அப்போது யாரும் அதைக் கேட்டு எழுதவில்லை.

இதில் ஆய்வுகளின் அமைப்புக்கும் பங்கு உண்டு. நீடிக்கும் அறிகுறிகளுடையோரிடம் மைலாய்டு செல்கள் எனும் ஒருவகை வெள்ளணுக்களின் அழற்சியும், எதிர்ப்பொருள்களுக்குத் துணைநிற்கும் நிரப்புப்புரதத் தொகுதியின் தூண்டலும் தொடர்வதை 2024-இல் காட்டிய பிரிட்டானிய ஆய்வின் 657 பேரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுத் திரும்பியவர்கள். சேர்க்கப்பட்டவர்களின் இரத்தமே எளிதில் கிடைக்கிறது, நாள்வாரியாகச் சேமிக்கப்படுகிறது, ஆராயப்படுகிறது. நெடுங்கோவிட் கண்டோரில் பெரும்பாலோர் மருத்துவமனையையே பார்க்காதவர்கள். அவர்களுடைய முதல் வாரத்து இரத்தம் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை.

கணவரின் எட்டாம் நாள் இரத்தம் இன்னும் உறைபெட்டியில் உள்ளது. புதிய குறிப்பான் ஒன்று அறிவிக்கப்பட்டால் அதை எடுத்துச் சோதிக்கலாம். மனைவியின் ஆறாம் நாள் இரத்தத்தில் சி.ஆர்.பி.யும் செல் எண்ணிக்கையும் பார்க்கப்பட்டன. முடிவுகள் நார்மல் என்று அச்சிடப்பட்ட பின், புறநோயாளிகளின் குழாய்களோடு அதுவும் அகற்றப்பட்டது.